பர்மிட் என்கிற இடர் விலங்கு

பர்மிட் ஒரு பயனற்ற விலங்கு என்று அரசாங்கம் எழுத்து மூலமாகத் தெரிவித்த அன்று, அர்த்தநாரி காபியை அப்படியே ஆறவிட்டார். உயிர்த்துணை வாரியத்திலிருந்து கைப்பேசிக்கு வந்திருந்த செய்தியை முதலில் மனத்துக்குள் படித்தார். பிறகு, சம்பந்தப்பட்டவனுக்கும் தெரியட்டும் என்று சத்தமாகப் படித்தார்.

"மேற்படி விலங்கால் மேற்படி உரிமையாளருக்கு நலப்பயன் ஏதும் இல்லை என்பதுடன், அதன் அருகாமையில் அவரது ரத்த அழுத்தம் கணிசமாக உயர்வதும் கண்டறியப்பட்டுள்ளது. கேட்டுக்கிட்டியாடா?"

காலடியில் கிடந்த பர்மிட் ஒரு காதை மட்டும் தூக்கிப் பார்த்தது. பிறகு அதையும் கீழே போட்டுக்கொண்டது.

நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் ஆயுள் முழுக்கக் கடிதம் எழுதிக் காலம் கழித்தவர் அர்த்தநாரி. நாக்பூரிலிருந்து ஆரஞ்சு ஏற்றிவந்த வண்டியில் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு நாய்க்குட்டி சுருண்டு கிடந்தபோது, "இது நேசனல் பர்மிட்ல வந்துருக்குதுங்க" என்று டிரைவர் சிரித்தார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. கல்யாணம் என்கிற விஷயம் அர்த்தநாரியைக் கவனிக்காமல் கடந்து போய்விட்டிருந்ததால், வீட்டுவசதி வாரியக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் அவரும் பர்மிட்டும் மட்டும்தான்.

இப்போது பர்மிட்டுக்கு மண்ணீரலில் கட்டி. "ஒடஞ்சுதுன்னா அப்புறம் நானும் ஒண்ணும் பண்ண முடியாது, நீங்களும் ஒண்ணும் பண்ண முடியாதுங்க. அடுத்த மாசக் கடைசிக்குள்ள எடுத்துரணும்" என்றார் டாக்டர். செலவு மூன்று லட்சம். அர்த்தநாரியின் ஓய்வூதியம், மாசக் கடைசியை அவர் தானே எட்டிப் பிடிப்பதற்கே போதாத ரகம்.

அவர் எழுதாத இடமில்லை. பரமத்தி பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பில் படித்தபடி அனுப்புநர், பெறுநர், பொருள், மதிப்பிற்குரிய ஐயா என்று ஒன்று பிசகாமல் எழுதினார். ஓர் அறக்கட்டளை பசுக்களுக்கு மட்டும்தான் உதவுமாம். ஒரு காப்பீட்டுக் கம்பெனி, நாயின் தாத்தா என்ன ஜாதி என்று கேட்டது. இணையத்தில் நிதி திரட்டித் தருகிறவர்கள், நாய் கண்ணீர் விடுகிற மாதிரி ஒரு வீடியோ வேண்டும் என்றார்கள். பர்மிட்டோ கேமராவைக் கண்டதும் வாலை ஆட்டிப் பல்லைக் காட்டியது. பார்த்த ஜனங்கள், 'நாய் ஜாலியாத்தானே இருக்கு' என்று கீழே எழுதிவிட்டுப் போனார்கள். ராசிபுரத்தில் இருக்கும் அக்கா மகன் மட்டும் போன் பண்ணினான். "மாமா, அந்தக் காசுக்கு நாலு நாய் வாங்கலாமே?" என்றான். அதோடு அவன் அழைப்பை எடுப்பதை அர்த்தநாரி நிறுத்திவிட்டார்.

கடைசியாக மிச்சம் இருந்தது, வளர்ப்பவருக்குப் பயன்படுகிற விலங்கின் வைத்தியச் செலவைத் தருகிற இந்த வாரியத்தின் உயிர்த்துணை நிதி ஒன்றுதான். அதிலும் இப்போது பயனில்லை என்று வந்துவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு, நாயையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நேரே வாரிய அலுவலகத்துக்குப் போனார்.

கவுண்டரில் இருந்த யுவராணி என்கிற பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். தினமும் பத்துப் பேரிடம் திட்டு வாங்கி, பதினோராவது ஆளையும் வாங்க என்று கூப்பிடப் பழகிய முகம்.

"ஐயா, மொதல்ல உக்காருங்க. பயன் பாக்கறதுக்குக் கோழின்னா முட்டைய எண்ணிருவோம். ஆட்டுக்குப் பால், எடை. நாய், பூனைக்குத்தான் இந்தக் கழுத்துப்பட்டை. நீங்க மூணு வாரம் மாட்டியிருந்தீங்கல்ல, அதுல சின்னதா ஒரு ராடார் இருக்குதுங்க. பத்தடிக்குள்ள இருக்கற மனுசங்க நெஞ்சு எப்படி அடிக்குது, மூச்சு எப்படிப் போகுது, எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருக்கும். நாய் கிட்ட வந்தா ரத்தக் கொதிப்பு எறங்குதுன்னா பயன். ஏறுச்சுன்னா பயனில்லை."

"எனக்கு ஏறுதுன்னு போட்டிருக்குதுங்க."

"நல்லாவே ஏறுதுங்க." அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். கோடு மலைமேல் மலையாகப் போயிருந்தது. "பூரா நேரமும் அதைத் திட்டிக்கிட்டே இருந்திருப்பீங்க போல."

"திட்டலீங்கம்மா. பயன்படச் சொன்னேன்."

"என்னங்க?"

"மூணு வாரந்தான் டைமுன்னு சொன்னீங்க. இவன் எந்நேரமும் தூங்கறான். 'டேய், எந்திரிச்சு வந்து பக்கத்துல உக்காருடா, அளந்துக்கிட்டு இருக்கறாங்கடா'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். கட்டி ஒடஞ்சிருமோன்னு அவன் மூச்ச நான் பாத்துக்கிட்டுக் கெடக்கறேன், எனக்கு ஏறாம என்னங்க செய்யும்?"

யுவராணி உதட்டைக் கடித்துக்கொண்டாள். அழுகையா, சிரிப்பா என்று தெரியவில்லை. "மெசினுக்கு ஏன்னு தெரியாதுங்க ஐயா. ஏறுதா எறங்குதான்னு மட்டுந்தான் தெரியும்." பிறகு திரையை இன்னும் கொஞ்சம் கீழே தள்ளினாள். "ஆனா ஒண்ணு. அந்தச் செய்திய முழுசாப் படிச்சீங்களா? பயனாளி வேற ஒருத்தர் இருக்கறாங்க. உங்க எதிர்வீடு. தெனமும் மத்தியானம் நாய் அங்க போயிருது. அந்தம்மாவுக்கு நெஞ்சுத் துடிப்பு தாறுமாறா ஓடிட்டு இருக்குது. இது போய் வாசல்ல படுத்ததும் மணியடிச்ச மாதிரி சீராயிருது. இவ்வளவு நல்ல பயன் கோடு நான் பாத்ததே இல்லீங்க. அவங்க பயனாளின்னு ஒப்புக்கிட்டுக் கையெழுத்துப் போட்டா, முழுச் செலவும் வாரியமே தரும்."

அர்த்தநாரி பர்மிட்டைப் பார்த்தார். பர்மிட் சுவரைப் பார்த்தது.

எதிர்வீடு என்றால் சுலோச்சனா. முட்டை ஏற்றுமதிக் கம்பெனியில் தரம் பிரிக்கிற பிரிவில் இருந்து ஓய்வுபெற்ற அம்மா. அவர்கள் இருவருக்கும் நடுவில் இரண்டு வருஷமாகப் பேச்சு கிடையாது, எழுத்து உண்டு. நாய் முடி பறக்கிறது, நாய் குரைக்கிறது, நாய் என் வாசலில் படுத்திருக்கிறது என்று அந்தம்மா குடியிருப்புச் சங்கத்துக்கு எழுதுவார். சங்கம் அதை அர்த்தநாரிக்கு அனுப்பும். பார்வையில் காணும் கடிதத்துக்குப் பதில் என்று இவர் எழுதுவார். அந்தம்மாவின் கடிதங்களில் 'பொருள்' என்கிற வரி இருக்காது. நாய் விஷயத்தைவிட அதுதான் அர்த்தநாரிக்குத் தாங்காது.

அன்றே போய்க் கதவைத் தட்டினார். இரும்புக் கிராதிக் கதவைத் திறக்காமலே சுலோச்சனா நின்றார்.

"ஏனுங்க, லெட்டர் போட்டாப் பத்தாதுன்னு நேர்லயே வந்துட்டீங்களா?"

"மத்தியானத்துல இந்த நாயி இங்க வருதுங்களா?"

"அதைத்தான நான் ரெண்டு வருசமா எழுதிக்கிட்டு இருக்கறேன்? நீங்க காத்து வரட்டும்னு கதவைத் தெறந்து போட்டுட்டுக் கொறட்டை விடறீங்க. அது இங்க வந்துருது."

"வருதுன்னுதான் எழுதுனீங்க. வெரட்டறேன்னு ஒரு வரியும் எழுதலீங்களே."

அதற்குள் பர்மிட் கிராதி இடுக்கில் மூக்கை நுழைத்து, உள்ளே சமையல் மேடையை நோக்கி வாலாட்டியது. அங்கே ஒரு தட்டில், வெள்ளை நீங்கலாக, ஒரு முட்டையின் மஞ்சள் கரு மட்டும் உருண்டையாக இருந்தது.

"எனக்கு மஞ்சக்கரு ஆகாதுன்னு சொல்லிட்டாங்க" என்றார் அவர், வேறெங்கோ பார்த்தபடி. "தூக்கிப் போட மனசு வரல. எத்தனை முட்டையப் பாத்து வளந்த கை இது."

அர்த்தநாரி விஷயத்தைச் சொன்னார். கட்டி, மாசக் கடைசி, பட்டை, கோடு, கையெழுத்து. சுலோச்சனா கைப்பேசியை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, அடிக்குறிப்பு வரைக்கும் படித்தார். பிறகு திருப்பிக் கொடுத்தார்.

"போட மாட்டனுங்க."

"மஞ்சக்கரு போடத் தெரியுது, கையெழுத்துப் போடத் தெரியலீங்களா?"

"தெரியலைன்னே வெச்சுக்கங்க." குரல் ஏறியது. "தனியா இருக்கற வயசானவங்கள வருசா வருசம் பரிசோதிக்கறாங்களே, தெரியுமல்ல? தேறலைன்னா தனியா இருக்க விட மாட்டாங்க. போன தடவை நான் தப்பிச்சதே பெருசு. நெஞ்சுல கொஞ்சம் ஏடாகூடம் இருக்குது. மாத்திரையப் போட்டு, அன்னைக்கு மட்டும் படி ஏறாம, எப்படியோ ஒப்பேத்திட்டேன். நாயி பக்கத்துல இருந்தாத்தான் இவ நெஞ்சு ஒழுங்கா அடிக்குதுன்னு எழுத்துல போச்சுன்னு வைங்க, என்னோட மருத்துவக் கணக்குல ஏறிரும். எம்பையனுக்குத் தகவல் தானாப் போயிரும். ஓசூர்ல ஒரு முதியோர் வளாகம் பாத்து, முன்பணம்கூடக் கட்டி வெச்சிருக்கான். எல்லாருக்கும் ஒரே மாதிரி கட்டில், ஒரே மாதிரி சட்னி. நாயி கிட்டயே விட மாட்டாங்க. உங்க நாயி பொழைச்சுக்கும். நான் எங்க போறது?"

அர்த்தநாரி கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

வாரியத்தின் செயலியில் கையெழுத்துக் கட்டத்துக்குக் கீழே மஞ்சள் நிறத்தில் ஒரு பொத்தான் இருந்தது. அவசரச் சமர்ப்பிப்பு. பயனாளி ஒப்பவில்லை என்றாலும் விலங்கின் உயிருக்கு ஆபத்து என்றால் அளவுகளை அப்படியே அனுப்பிவிடலாம். பயனாளிக்குப் பிறகு தெரிவித்துக்கொள்வார்கள். "சட்டத்துல இடம் இருக்குதுங்க" என்று யுவராணி சொல்லியிருந்தாள். சொன்னபோது அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

பர்மிட் வைத்த சோற்றைத் தொடவில்லை. வயிறு ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு, மூச்சு விசிறி மாதிரி ஓடியது. அர்த்தநாரி கட்டைவிரலைப் பொத்தானுக்கு மேலே கொண்டுபோனார். அழுத்தினால் நாய்க்கு உயிர் வரும். எதிர்வீட்டுக்கு ஓசூர் வண்டி வரும். இனி நாய் முடி பற்றி யாரும் எழுத மாட்டார்கள். இரண்டு வருஷமாக அவர் வேண்டிக்கொண்டதும் அதைத்தானே?

தையல் பிரித்த வயிற்றோடு பர்மிட் மத்தியானம் எழுந்து போய், பூட்டிக் கிடக்கிற அந்தக் கிராதிக்கு முன்னால் படுத்துக்கொள்வது அவர் கண்ணுக்குத் தெரிந்தது. எவ்வளவு நேரம் படுத்திருக்கும்? அதுபாட்டுக்குப் படுத்திருக்கும், அதற்கு வேறு வேலையும் இல்லை. அதோடு, ஒருத்தரைப் பற்றிய சங்கதியை அவர் கையெழுத்து இல்லாமல் அரசாங்கத்துக்கு அனுப்புவதற்கு அர்த்தநாரி அறிந்த பெயர் ஒன்றுதான்: மொட்டைக் கடுதாசி. ஆயுளில் அவர் அதை எழுதியதில்லை.

"போடா" என்று சொல்லிக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். நாயைச் சொன்னாரா, தன்னைச் சொன்னாரா, வாரியத்தைச் சொன்னாரா என்று அவருக்கே தெரியவில்லை.

மறுநாள் காலையில் கதவுக்கு அடியில் ஒரு தாள் கிடந்தது. சுலோச்சனாவின் கையெழுத்து. இந்த நேரத்திலுமா என்று பற்றிக்கொண்டு வந்தது. படித்தார்.

'எதிர்வீட்டு நாயால் எதிர்வீட்டுக்காரர் அர்த்தநாரியின் உடல்நிலை மிகவும் கெட்டுவிட்டது. அவருக்கு ரத்தக் கொதிப்பு கூடிவிட்டது. அரசாங்கம் உடனே அவரைக் காப்பாற்ற வேண்டும்.'

கதவைத் திறந்தார். சுலோச்சனா வெளியிலேயே நின்றிருந்தார்.

"அடிக்குறிப்புல பாத்தேன். அமுக்கிட்டீங்களா அந்தப் பட்டனை?"

"இல்லீங்க."

"தெரியும். அமுக்கியிருந்தா இந்நேரம் எம்பையன் போன்ல அழுதிருப்பான்." அழைக்காமலே உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "இடர் விலங்கு இழப்பீடுன்னு ஒண்ணு இருக்குதுங்க. அதே வாரியந்தான், பக்கத்துக் கவுண்டர். யானை மிதிச்சாக் குடுக்கறது, கொரங்கு கடிச்சாக் குடுக்கறது. போன தேர்தலுக்கு முன்னாடி, வளக்கற விலங்கால ஒடம்பு கெட்டாலும் உண்டுன்னு சேத்துட்டாங்க. அந்தப் பட்டையோட அளவே சாட்சி."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உங்க நாயி மேல போடலாம்னு நான்தான் பூராத்தையும் படிச்சு வெச்சிருந்தேன்." அதைச் சொல்ல அவருக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. "ஆனா எனக்கு எறங்குதே, என்ன பண்றது? உங்களுக்குத்தான் நல்லா ஏறுது. இப்ப நம்மகிட்ட இருக்கற சொத்தே உங்க ரத்தக் கொதிப்பு மட்டுந்தான்."

அர்த்தநாரி தாளை இன்னொரு முறை படித்தார். நாயைக் காப்பாற்றுவதற்காக வந்த கொதிப்பு அது. அதையே நாயின் குற்றமாகக் காட்டி, அதில் வருகிற காசில் நாயைக் காப்பாற்ற வேண்டும்.

"பொய்யில்லீங்களா இது?"

"எந்த வரி பொய்? நாயி இருக்குதா? இருக்குது. கொதிப்பு ஏறுதா? ஏறுது. ஏன்னு அவங்க கேக்கல. நாம ஏன் சொல்லணும்?"

அர்த்தநாரி தாளை மேசையில் விரித்து, பேனாவை எடுத்தார். "இதுல பொருள் எங்க? பெறுநர் எங்க? 'கெட்டுவிட்டது'ன்னு போட்டா யாருங்க மதிப்பாங்க? 'பாதிப்புக்கு உள்ளாகியுள்ளது'ன்னு போடணும்."

"அப்ப நீங்களே எழுதுங்க. உங்க நாயத் திட்டி நீங்களே எழுதுங்க, பாக்கலாம்."

எழுதினார். ஒவ்வொரு வரிக்கும் பர்மிட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு எழுதினார். 'அடங்காத சுபாவமுடையது' என்ற இடத்தில் சுலோச்சனா வாய்விட்டுச் சிரித்தார். அப்போது பர்மிட் அந்தம்மாவின் பாதத்தின் மேல் தலையை வைத்துப் படுத்திருந்தது. மனுவின் கீழே சாட்சி என்று சுலோச்சனா கையெழுத்துப் போட்டார். அது மருத்துவக் கணக்கில் ஏறாத கையெழுத்து.

பக்கத்துக் கவுண்டரிலும் அன்று யுவராணிதான் உட்கார்ந்திருந்தாள். அந்த ஆள் லீவாம். மனுவைப் படித்தாள். அர்த்தநாரியைப் பார்த்தாள். சுலோச்சனாவைப் பார்த்தாள். இருவருக்கும் நடுவில், தன் குற்றப்பத்திரிகையை முகர்ந்துகொண்டிருந்த இடர் விலங்கைப் பார்த்தாள்.

"மனு ரொம்ப ஒழுங்கா எழுதியிருக்குதுங்க" என்றாள் மெதுவாக. "இதுல பாதிக்கப்பட்டவர் அளவ மட்டுந்தான் எடுப்போம். பக்கத்துல இருக்கறவங்க அளவெல்லாம் அழிஞ்சிரும். பணம் நாளைக்கே வந்துரும்."

"நாளைக்கேவா?" அர்த்தநாரியால் தாங்க முடியவில்லை. "பொழைக்க வெக்கறதுக்குக் கேட்டா மூணு வாரம் அளந்துட்டு இல்லைங்கறீங்க. கெடுத்துருச்சுன்னு சொன்னா நாளைக்கேவா?"

"ஆமாங்க ஐயா. அதோட, இது அம்பதாயிரம் ஜாஸ்தி."

சுலோச்சனா அவர் முழங்கையைக் கிள்ளினார். அவர் அடங்கினார்.

"ரெண்டு நிபந்தனை இருக்குதுங்க" என்றாள் யுவராணி. "ஒரு மாசம் கழிச்சு உங்களுக்குக் கொதிப்பு பாப்போம். எறங்கியிருக்கணும். எறங்கலைன்னா கொதிப்புக்குக் காரணம் நாய் இல்லைன்னு ஆயிரும், பணத்தத் திருப்பிக் கட்டணும். அப்புறம்," அவள் தயங்கினாள், "இடர் விலங்கு இனிமே உங்க வீட்டுல இருக்கக் கூடாதுங்க. வேற கதவு எண்ணுக்கு மாத்தணும். பொறுப்பெடுக்க ஆள் இல்லைன்னா நாங்க காப்பகத்துக்குக் கொண்டுபோயிருவோம்."

அர்த்தநாரி திரும்பினார். சுலோச்சனா தரையைப் பார்த்தார். அடிக்குறிப்பு வரைக்கும் படிக்கிற அம்மா அவர்.

"இது உங்களுக்கு முன்னயே தெரியும்."

"தெரியுமுங்க."

"சொல்லலியே."

"சொல்லியிருந்தா எழுதியிருப்பீங்களா?"

கழுத்துப்பட்டையை யுவராணியே கழற்றி வாங்கிக்கொண்டாள். புதிய பொறுப்பாளரின் கதவு எண்ணைக் கேட்டாள். சுலோச்சனா சொன்னார். இரண்டு கதவுக்கும் நடுவில் ஒரு ஆள் கை நீட்டிப் படுக்கிற அகலம்தான். ஆனால் வேறு எண்.

கட்டி உடைவதற்கு முன்பே எடுத்துவிட்டார்கள். பர்மிட் வயிற்றில் நீளத் தையலோடு, கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் புனலோடு, எதிர்வீட்டுக்குக் குடிபோனது. அதன் தட்டு, சாக்கு, கடித்துப் போட்ட செருப்பு எல்லாவற்றையும் அர்த்தநாரியே சுமந்துபோய்க் கிராதிக்கு இந்தப் பக்கம் வைத்துவிட்டுத் திரும்பினார். வீட்டுக்குள் அன்று இருந்த மாதிரி ஒரு சுத்தத்தை அவர் பார்த்ததில்லை. ஒரு முடிகூடப் பறக்கவில்லை. அவருக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. சட்டையில் ஒட்டியிருந்த பழைய முடி ஒன்றை எடுத்துக் கீழே போடப் போனவர், மறுபடியும் சட்டையிலேயே வைத்துக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்துக் கொதிப்பு பார்க்கப் போனார். திருப்பிக் கட்டச் சொன்னால் கட்ட எதுவும் இல்லை. யுவராணி மணிக்கட்டில் பட்டையைச் சுற்றி, திரையைப் பார்த்து, கண்ணை அகல விரித்தாள்.

"ஐயா, இருவது வயசுப் பையன் மாதிரி இருக்குதுங்க! பாத்தீங்களா, நாயப் பிரிச்சதும் எப்படி எறங்கிருச்சுன்னு? சட்டம் போட்டவங்க சும்மாவா போட்டிருக்காங்க?"

அப்படித்தான் அறிக்கையிலும் எழுதினாள். எழுதும்போது அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்ததை அர்த்தநாரி கவனித்தார்.

வீட்டுக்கு வந்து, மேசையில் தாளை விரித்து, கோடு பிசகாமல் எழுதத் தொடங்கினார்.

'அனுப்புநர்: ப. அர்த்தநாரி, இரண்டாம் மாடி. பெறுநர்: திருமதி சுலோச்சனா, எதிர்வீடு. பொருள்: தங்கள் நாய் என் வாசலில் படுத்திருப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

தங்கள் பொறுப்பில் உள்ள இடர் விலங்கானது, தாங்கள் மத்தியானம் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கும் நேரத்தில், நாள்தோறும் என் வாசலுக்கு வந்து, நிலைப்படிக்கு வெளியே உடம்பையும் உள்ளே தலையையும் வைத்துப் படுத்துக்கொள்கிறது. குறட்டையும் விடுகிறது. முடியும் பறக்கிறது. சட்டப்படி உடம்பு எந்தக் கதவு எண்ணில் இருக்கிறதோ அதுவே கணக்கு என்று அடிக்குறிப்பில் கண்டேன். ஆகவே இதன் பேரில் தாங்கள் நடவடிக்கை எதுவும் எடுக்க வேண்டியதில்லை என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்காமல் இருந்தால் போதும்.'

கீழே, எட்டாம் வகுப்பிலிருந்து எழுதிவந்த 'தங்கள் உண்மையுள்ள' என்பதற்குப் பேனா போனது. நிறுத்தினார். நிலைப்படியில் கிடந்த தலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுதினார்.

'இப்படிக்கு, பாதிக்கப்பட்டவன்.'